பந்துக்கு முதல் துவைப்பு இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் கீழே நிட்டிங் மெஷின்களை நிறுத்திவிடுவார்கள். வாரம் முழுக்க அந்தச் சத்தம் சுவர் வழியாக மேலே ஏறி, அடுக்களையில் கவிழ்த்து வைத்த டம்ளர்களைக்கூட லேசாக ஆட்டிக்கொண்டிருக்கும். நிறுத்திய உடனே காதுக்குள் ஏதோ பிடுங்கி எடுத்த மாதிரி இருக்கும். அப்புறம்தான் வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது உறைக்கும். என் மகள் அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவாள். இந்த வீட்டிலேயே வளர்ந்தவள், சத்தம் எப்போது நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நான் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் டெஸ்டிங் லேபில் வேலை பார்க்கிறேன். லேப் என்றதும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு வாஷிங் மெஷின், ஒரு டிரையர், ஒரு தராசு, ஒரு ஸ்கேல், அவ்வளவுதான் லேப். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்ததும் ஒரு துண்டு வெட்டி, அதில் சதுரம் போட்டு, துவைத்துக் காயவைத்து, அந்தச் சதுரம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. அளவுக்கு மேல் சுருங்கினால் மொத்தத் துணியையும் திருப்பி அனுப்பச் சொல்லிவிடுவேன். அதனால் ஆபீஸ் பையன்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. அந்தக்கா பார்த்தாலே துணி சுருங்கிவிடும் என்று சிரிக்கிறார்களாம். சிரித்துவிட்டுப் போகட்டும். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இந்த வேலைக்கு வந்த புதிதிலேயே கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. பனியன் துணி முதல் துவைப்பில்தான் சுருங்கும். சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது துவைப்பில் ஏதோ துளி போகும், அப்புறம் துணி அடங்கிவிடும். ‘செட் ஆயிருச்சு’ என்போம். திருப்பூரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பெட்டிக்கடைக்காரர்கூடச் சொல்வார்.

போன ஜூனில் மகள் உடுமலைப்பேட்டைக்குப் போனாள். அது அவளுடைய அப்பாவின் ஊர். அவரும் நானும் பிரிந்து வெகுகாலம் ஆகிறது. அவர் கெட்டவர் இல்லை, நானும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது, அவ்வளவுதான். பத்தாவது முடித்ததும், ப்ளஸ் ஒன் அங்கே படிக்கிறேன் என்று அவளே சொன்னாள். தோப்புக்குள் வீடு, அமைதியாக இருக்கும், இங்கே இந்த மெஷின் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்றாள். மெஷின் சத்தம் மட்டும்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊரையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. பல்லடம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டு, மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

முதல் மாதம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் செட் ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான். முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டாவது மாதமும் இருந்தது. காலாண்டு லீவுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாளே, அவள் போன அன்றைக்கு ஜூனில் வலித்த மாதிரியே வலித்தது. என்ன கெரகமோ, இது அடங்குகிற துணி இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் வரவரக் குறைந்துகொண்டே வந்தது. சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், என்ன குழம்பு, பருப்பு. அதற்கு மேல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. நடுவில் வெறுமனே இருந்தால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். பயம் வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்தாயா, ஏன் குரல் கட்டியிருக்கிறது, ஐஸ்கிரீம் தின்றாயா, போனை எத்தனை நேரம் நோண்டுகிறாய் என்று லேபில் துணியைப் புரட்டுகிற மாதிரி புரட்டுவேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக ‘இல்லீங்மா’ என்பாள். இங்கே இருந்தவரை நீ, வா, போதான். அங்கே போனதிலிருந்து நான் ‘நீங்க’ ஆகிவிட்டேன். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி, அதில் தப்பு இல்லை. இருந்தாலும் பெற்ற பிள்ளை மரியாதை கொடுத்ததில் நான் யாரோ எவரோ ஆகிவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் “வெச்சரட்டுங்ளாம்மா” என்று, போனை வைக்க அனுமதி கேட்பாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரி என்பேன். இப்படியே போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வராமலே போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் இந்தப் பந்து வந்தது. பிசிக்ஸ் வகுப்பில் ஒரு பரிசோதனை கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட வேண்டும். தரையில் பட்டு எவ்வளவு உயரம் எழும்புகிறது, மறுபடி பட்டு எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து கிராப் போட வேண்டும். அளப்பதற்குள் பந்து கீழே வந்துவிடுகிறதே, எப்படி அளப்பது என்று அவளுக்கு ஒரே யோசனை. அளப்பதைப் பற்றி என்னிடமா கேட்கிறாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் இன்ச் டேப்பை ஒட்டு, பக்கத்தில் பந்தை விடு, போனில் மெதுவாக ஓடுகிற வீடியோ எடு, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார் என்றேன். “சூப்பருங்மா” என்றாள். அன்றைக்கு வெகுநேரம் பேசினோம். எண்ணெய், ஐஸ்கிரீம் எல்லாம் எனக்கு மறந்தே போனது.

வைக்கும் முன் ஒன்று கேட்டாள். பந்தை விடுவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று அவரவர் ஊகத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றாள்.

“இதுல நெனைக்க என்ன இருக்குது கண்ணு? மொதத் தடவ விழறப்பத்தான் உசரம் போகும். அப்பறம் செட் ஆயிரும். அதே உசரத்துலயே கொஞ்ச நேரம் குதிச்சுட்டு, கடசீல நின்னுரும்.”

“அப்படியே எழுதட்டுங்ளா?”

“எழுது. நான் சொல்றேன்.”

அடுத்த வாரமும் பேச விஷயம் வேண்டுமே என்று நானும் ஒரு பந்து வாங்கினேன். கம்பெனி வேனிலிருந்து முன்னாடி நிறுத்தத்திலேயே இறங்கி, ஃபேன்சி ஸ்டோருக்குப் போய், நன்றாக எழும்புகிற ரப்பர் பந்தாகக் கேட்டேன். குழந்தைக்கு என்ன வயசுங்க என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பத்திரமாகப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அதற்குள் அவள் வகுப்பில் ஊகத்தை எழுதிக் கொடுத்து, பரிசோதனையும் முடிந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் சுவரில் டேப்பை ஒட்டி, போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, பந்தை விட்டேன். சரியாக விழவில்லை. மறுபடி விட்டேன். பந்து அலமாரிக்கு அடியில் ஓடியது, துடைப்பத்தால் தள்ளி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரம்மா படியேறி வந்துவிட்டார். கீழே இருக்கிற நிட்டிங் யூனிட் அவர்களுடையதுதான்.

“ஏனுங்க, மேல என்னமோ டொம்மு டொம்முனு கேக்குதுங்ளே, உரல்ல மாவு ஏதாச்சும் இடிக்கறீங்ளா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கீழே விடிய விடிய மெஷின் ஓட்டி என் கட்டிலை ஆட்டுகிறவர்களுக்கு என் பந்துச் சத்தம் கேட்கிறதாம். பரிசோதனைங்க என்றேன். அவர் என் கையிலிருந்த பந்தையும் சுவரில் ஒட்டிய டேப்பையும் என் முகத்தையும் பார்த்தார். ஒடம்பப் பாத்துக்கங்க சாமி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தனியாக இருந்து இருந்து எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அன்றைக்கே முடிவு செய்திருப்பார்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதல் முறை விழுந்து எழும்பியபோது மூன்றில் ஒரு பங்கு உயரம் போயிருந்தது. அது நான் நினைத்ததுதான். இரண்டாவது முறை பார்த்தேன். மிச்சமிருந்ததில் மறுபடியும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. டேப் சாய்ந்திருக்கிறதோ என்று சரிபார்த்துவிட்டு மறுபடி விட்டேன். அதேதான். மூன்றாவதிலும் அதே பங்கு, நான்காவதிலும் அதே பங்கு. பந்து எந்த உயரத்திலும் அடங்கவில்லை. முதல் துவைப்பு என்று ஒன்று பந்துக்குக் கிடையவே கிடையாது. அதற்கு ஒவ்வொன்றும் முதல் துவைப்புதான்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன், எதற்கு மறைக்க வேண்டும்? காலாண்டு லீவு முடிந்து அவள் போனபோது ஏன் அப்படி வலித்தது என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அரையாண்டு லீவு முடிந்து போகும்போதும் அப்படித்தான் வலிக்கும். அந்தப் பக்கம், பனியன் கம்பெனிக் கணக்கை பிசிக்ஸ் பேப்பரில் எழுதிக் கொடுத்த பெண்ணை வகுப்பில் என்ன சொல்லியிருப்பார்களோ என்ற கவலை வேறு.

மறுநாள் மெஷின் நின்றது. போன் வரவில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்கு மேல், டெஸ்ட் இருக்கிறது, அடுத்த வாரம் பேசுகிறேன் என்று ஒரு வாட்ஸ்அப் வந்தது. அடுத்த வாரம் அதுவும் வரவில்லை.

நான் கூப்பிடவில்லை. யாரையும் முதலில் கூப்பிட்டுப் பேசி எனக்குப் பழக்கமில்லை. என் கூடப்பிறந்தவர்களானாலும் அவர்கள்தான் கூப்பிட வேண்டும். வெட்டி வீறாப்பு என்று தெரியும், தெரிந்து என்ன செய்ய? என் மூலமாக அவளுக்குத் தலைகுனிவு வந்துவிட்டது, இனி எதையும் என்னிடம் கேட்க மாட்டாள் என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். லேபில் அந்த வாரம் ஒரு பையனை அழவைத்துவிட்டேன்.

சாயங்காலங்களில் வேறு என்ன செய்வது? பந்தைப் பற்றி யாரோ நடத்துகிற பாடங்களைப் போனில் பார்க்க ஆரம்பித்தேன். நானும் ப்ளஸ் டூ வரை சயின்ஸ் குரூப்தான். தமிழ் மீடியம். ஆற்றல், உந்தம் என்ற வார்த்தைகளைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆற்றல் கதை எனக்கு உடனே புரிந்தது. உயரத்திலிருந்து விழும் பந்துக்கு வேகம் வருகிறது, தரையில் பட்டு நசுங்குகிறது, திரும்ப நிமிரும்போது கொஞ்சம் சத்தமாகப் போகிறது, கொஞ்சம் சூடாகப் போகிறது. அதனால்தான் பழைய உயரம் வருவதில்லை. சத்தமாகவும் சூடாகவும் போவதென்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? என் பிழைப்பே அப்படித்தான் போயிருக்கிறது. ஆனால் உந்தம்தான் பிடிபடவில்லை. உந்தம் ஒருபோதும் அழியாது என்றார் பாடம் நடத்தியவர். கீழே வேகமாக வந்த பந்து, ஒரு நொடிகூட ஆகாமல் மேலே போகிறது. திசையே மாறிவிட்டது. அப்படியானால் கீழ்நோக்கி வந்த அந்த உந்தம் எங்கே போனது? அழியாது என்றால் எங்கேயாவது இருக்க வேண்டுமே. வேனில் போகும்போது இதுதான் யோசனை. துணியில் சதுரம் போடும்போதும் இதுதான். பேச விஷயம் வேண்டுமென்று நானாகத் தேடிப்பிடித்த கேள்வி இல்லை இது. நிஜமாகவே எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்றது. காத்திருந்து பார்த்துவிட்டு, நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“என்னங்மா? ஒடம்புக்கு ஏதாச்சுமா?”

நான் கூப்பிட்டால் உடம்புக்கு முடியவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஒரு சந்தேகம் என்றேன். சந்தேகமா, உங்களுக்கா என்றாள். பந்தின் உந்தம் எங்கே போகிறது என்று, வேனில் யோசித்ததையெல்லாம் சேர்த்து மூச்சுவிடாமல் கேட்டு முடித்தேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “மொமெண்டத்தச் சொல்றீங்ளா? அது பூமிக்குப் போயிருதுங்மா. பந்து விழறப்ப பூமியத் தள்ளுதுல்ல.”

“அப்படீன்னா பூமி நகருமா?”

“நகரும்.”

“பொய் சொல்லாத.”

“நெசமாலுமேங்மா. பூமி அவ்வளவு பெருசுங்கறதுனால வெளிய தெரியாது. உங்க லேபுல இருக்கற எந்த ஸ்கேலுலயும் அளக்க முடியாது. ஆனா நகருது.”

அவள் குரலில் பழைய துடுக்கு இருந்தது. சின்ன வயதில் ஸ்கூல் விட்டு வந்ததும் படியேறிக்கொண்டே கதை சொல்வாளே, அந்தக் குரல். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு கண்ணு. நானே பந்து வாங்கிப் போட்டுப் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் போகுது.”

அங்கே தோப்பில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வகுப்பில் சிரித்தார்களா என்று கேட்டேன். சிரித்தார்கள், அது ஒன்றும் பெரிதில்லை என்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“உங்க கணக்கு தப்புன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்மா. அதான் கூப்பிடல.”

கத்துவேன் என்று நினைத்தாயா என்றேன். ‘ம்’ என்றாள். மெஷின் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று ஜூனில் சொன்னாளே, அதற்கும் எனக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது. மெஷினை ஞாயிற்றுக்கிழமையாவது நிறுத்துவார்கள். நான் கத்தவில்லை.

அரையாண்டு லீவுக்கு வருகிறாயா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள். அவள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். படிப்பு முடிகிறவரை அங்கேதான். அதற்கப்புறம் காலேஜ், ஹாஸ்டல். இந்த வீட்டுக்குத் திரும்ப வந்து இருக்கப்போவதில்லை. அதையும் தெரிந்துகொண்டுதான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நெசமாவே பந்து வாங்குனீங்ளா?” என்று கேட்டாள். ஆமாம், இதோ கையில் இருக்கிறது என்றேன். போடுங்கள், கேட்கிறேன், சத்தத்தை வைத்தே கணக்குப் போடலாம் என்றாள்.

போனைத் தரையில் வைத்தேன். சுவரில் ஒரு மீட்டர் கோட்டுக்கு நேராகப் பந்தைப் பிடித்து விட்டேன். மெஷின் ஓடாத வீட்டில் அது நன்றாகவே கேட்டது. முதலில் இடைவெளி விட்டு விட்டு, அப்புறம் நெருங்கி, அப்புறம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படபடவென்று துடித்து நின்றது. பந்து மெல்ல உருண்டு கட்டில் கால் பக்கம் போனது. நான் போனைக் கையில் எடுத்தேன். இப்போது ‘வெச்சரட்டுங்ளா’ என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

“இன்னொருக்காப் போடுங்மா” என்றாள்.